18 ஆண்டாக அசையாத 200 ரூபாய்

சரக்கு-சேவை வரி அமலாகி 8 ஆண்டுகள் நிறைவதையொட்டி, 2025-ம் ஆண்டின் மத்தியில் மத்திய சர்க்கார் ஒரு கணக்கை வெளியிட்டது. அந்த வரியின் மொத்த வசூல் 2024-25-ல் 22.08 லட்சம் கோடி ரூபாயாம்; 2020-21-ல் இருந்த 11.37 லட்சம் கோடியைப்போல் ஏறக்குறைய இரு மடங்காம். நாடு செழித்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று ஆளும் தரப்பு கேட்கிறது.

ஒப்பிடுவதற்கு எந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். 2020-21 ஊரடங்கு ஆண்டு. கடைகளும் ஆலைகளும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த ஆண்டு. அதற்கு முந்திய 2019-20-ல் வசூல் 12.22 லட்சம் கோடி. அதோடு ஒப்பிட்டால் உயர்வு சுமார் 81 சதவிகிதம்தான். பள்ளத்தில் நின்று அளந்தால் மேடெல்லாம் மலையாகத்தான் தெரியும்!

ஆனால் நம்முடைய வழக்கு இந்தக் கணக்கு ஜாலத்தோடு முடிந்துவிடவில்லை. வசூல் ஏன் கூடியது? வியாபாரம் பெருகியதும், வசூல் முறை இறுகியதும் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. விலைவாசி உயர்வும் அவற்றோடு சேர்ந்த காரணமே. பண்டத்தின் விலை ஏறினால், வரி விகிதத்தைத் தொடாமலே கஜானாவுக்குக் கூடுதல் பணம் வந்துவிடுகிறது. அப்படியானால் அதே விலை உயர்வு, சர்க்கார் ஏழைக்குக் கொடுக்கும் தொகையையும் உயர்த்த வேண்டாமா?

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு மத்திய சர்க்கார் தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-ல் 200 ரூபாய். 2025-லும் அதே 200 ரூபாய்! நாளொன்றுக்கு 6 ரூபாய் 67 காசு. இந்தக் காலத்தில் விவசாயத் தொழிலாளருக்கான விலைவாசிக் குறியீட்டெண் சுமார் 400-லிருந்து சுமார் 1,300-ஆக ஏறியது. அதாவது, அன்றைய விலையில் சொன்னால் இன்று அந்த முதியவர் கையில் விழுவது சுமார் 60 ரூபாய்தான். மீதி 140 ரூபாயை யாரும் சட்டம் போட்டுப் பறிக்கவில்லை. பேசாமல் இருந்தே பறித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2023-ல் இந்த ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. அந்த உயர்வில் மத்திய சர்க்காரின் காசு ஒன்றுகூட இல்லை. ஓய்வூதியங்கள் அடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 9,652 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டிலும் அதே 9,652 கோடி.

வீட்டுக் கணக்கும் இதே கதைதான். 2016-ல் தொடங்கிய கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு உதவி 1.20 லட்சம் ரூபாய். 2024-ல் மேலும் 2 கோடி வீடுகள் என்று திட்டத்தை நீட்டித்தபோதும் அதே 1.20 லட்சம். சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் கொத்தனார் கூலியும் 2016-லேயே நின்றுவிட்டனவா? அதே 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் 360 சதுர அடி வீட்டுக்குப் போட்ட மதிப்பு 3.50 லட்சம். இடைவெளியை நிரப்ப மாநிலம் பணம் போட வேண்டும். இல்லையேல் ஏழை கடன் வாங்க வேண்டும். கட்டி முடித்த வீடுகளின் எண்ணிக்கை அறிக்கையில் வருகிறது. அந்த வீட்டுக்காக வாங்கிய வட்டிக் கடன் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

வர்த்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-25-ல் ஏற்றுமதி சுமார் 82,500 கோடி டாலர், இது சாதனை என்றார்கள். பொருளையும் சேவையையும் கூட்டிச் சொன்ன தொகை இது. பொருள் ஏற்றுமதியைத் தனியே பிரித்தால் சுமார் 43,700 கோடி டாலர். முந்திய ஆண்டும் ஏறக்குறைய அதே தொகைதான். பொருள் இறக்குமதியோ சுமார் 72,000 கோடி. பஞ்சாலையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் பனியன் கம்பெனியிலும் உழைப்பவனின் வேலை, அந்த அசையாத எண்ணில்தான் இருக்கிறது.

"பணம் இல்லை" என்பார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வரி விகிதத்தை 30-லிருந்து 22 சதவிகிதமாகக் குறைத்தார்களே! அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்று அன்று சொன்னது நிதி அமைச்சகமே. மேலே சொன்ன 9,652 கோடியைப்போல் இது 15 மடங்கு. 2018-19-ல் கம்பெனி வரி 6.6 லட்சம் கோடியாகவும் தனிநபர் வருமான வரி 4.7 லட்சம் கோடியாகவும் இருந்தன. 2023-24-ல் நிலை தலைகீழ்: கம்பெனி வரி 9.1 லட்சம் கோடி, தனிநபர் வரி 10.4 லட்சம் கோடி. சுமை தோள் மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் பல பண்டங்களின் சரக்கு-சேவை வரியைக் குறைத்தார்கள், அதை வரவேற்கலாம். ஆனால் அதனால் 200 ரூபாய் 201 ஆகிவிடவில்லை.

இன்னொரு மோசமும் உண்டு. எண்ணாமல் விட்டாலே கொடுக்காமல் விடலாம். 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை; 2027-க்குத் தள்ளப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கை 2011 கணக்கில் நிற்கிறது. ஓய்வூதியத்தின் உச்சவரம்போ 2001 கணக்கில் நிற்கிறது. அதற்குப் பிறகு முதுமையும் வறுமையும் எய்தியவர்கள் வரிசைக்கு வெளியே!

எனவே நாம் கோருகிறோம்:

மத்திய சர்க்காரின் ஓய்வூதியப் பங்கை உடனே உயர்த்த வேண்டும். 2007-ன் மதிப்பை மீட்கவே 650 ரூபாய் வேண்டும். வாழ்வதற்கு அதுவும் போதாது. ஊழியர்களின் பஞ்சப்படியைப் போல், ஓய்வூதியத்தையும் வீட்டு உதவியையும் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு இணைக்க வேண்டும். புதிய ஜனத்தொகைக் கணக்கு வந்ததும், விடுபட்ட முதியவர்களைத் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். இதற்கான பணத்தைக் கம்பெனிகளின் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும்.

மாதந்தோறும் வசூல் எவ்வளவு என்று சர்க்கார் அறிவிக்கும்போதெல்லாம் மக்கள் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்கட்டும்: அந்த 200 ரூபாய் எப்போது அசையும்?