பூச்சியின் மேல் பழி போடாதீர்கள்

'தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி. ஒரு மாத்திரை போதும்' என்கிறீர்கள். தவறு. பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்னும் பூச்சி மாத்திரை பிள்ளைகளுக்குத் தேவைதான். ஆனால் அது பல் கடிப்பதற்கு மருந்தல்ல.

பல் கடிப்பதன் தொடக்கம் மூளையில். தூக்கம் சில நொடிகள் லேசாகக் கலையும்போது தாடைத் தசைகள் இறுகுகின்றன. மன அழுத்தம், மது, புகை, சில மனச்சோர்வு மாத்திரைகள் இதைக் கூட்டும். குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்திருந்தால் பரிசோதனை கட்டாயம்.

உங்களைப்போல் ஒருவர் சொல்லித்தான் என் அக்கா மூன்று முறை பூச்சி மாத்திரை விழுங்கினார். விடிந்தால் நெற்றிப்பொட்டில் அதே வலி. பல் மருத்துவர் கண்ணாடியை நீட்டினார்: கோரைப்பல்லின் கூர் மழுங்கி, கடைவாய்ப்பல் தட்டையாகி, உள்ளிருக்கும் மஞ்சள் தெரிந்தது. தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. இப்போது இரவில் பல் உறை மாட்டுகிறார்; அது பல்லைக் காக்கிறது, கடிப்பதை நிறுத்தவில்லை.