காலேஜில் கொடுத்த தகவல் கசிந்துவிட்டதா? சட்டத்தில் உங்களுக்கு இருக்கும் வழிகள்!

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அப்பாவுக்கு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘‘யுனிவர்சிட்டியில இருந்து பேசுறோம். உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு.’’ மகளின் பெயர், பதிவு எண், படிக்கும் துறை என எல்லாவற்றையும் அந்தக் குரல் சரியாகச் சொல்கிறது. நம்பாமல் என்ன செய்வார்? வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்துகிறார். கணக்கில் இருந்த பணம் போய்விடுகிறது.

பணம் போனது ஒரு பக்கம். பதிவு எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பது இன்னொரு கேள்வி.

தருமபுரி மாவட்டத்து கலை, அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இன்ஜினீயரிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். எங்கே சேர்ந்தாலும் ஆதார், சாதி, வருமானம், வங்கிக் கணக்கு, பெற்றோர் செல்போன் எண் என எல்லாம் ஆன்லைனில் ஏறிவிடுகின்றன. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ கல்விச் செயலியின் தகவல்கள் பாதுகாப்பில்லாத சர்வரில் கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருந்தன. 2025-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சுமார் 8.7 லட்சம் பேரின் தகவல்கள் திருடுபோயின. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்கு போடுகிறார்கள். நம் ஊரில் என்ன செய்யலாம்?

பணம் போயிருந்தால்...

உடனே 1930 எண்ணுக்கு போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வாடிக்கையாளர் மீது தவறு இல்லாமல் வெளியாட்களால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் அவருக்கு நஷ்டம் கிடையாது என்பது ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி. ஓ.டி.பி., பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போன பணம் நம் தலையில்தான். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

போலீஸ் புகார்

பல்கலைக்கழகம் வேறு ஊரில் இருக்கிறது என்று அலைய வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். தருமபுரி மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்தையே அணுகலாம். அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்தினாலும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் 3 ஆண்டுகள் வரை சிறை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இழப்பீடு யாரிடம் கேட்பது?

இதே சட்டத்தில், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு இருக்கிறது. இது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரம் அல்ல. தூத்துக்குடி கிளையில் கணக்கு வைத்திருந்த வெளிநாடுவாழ் இந்தியர் ஒருவர் போலி இமெயிலில் ஏமாந்து சுமார் 6.46 லட்சம் ரூபாயை இழந்தார். ஐசிஐசிஐ வங்கி அவருக்கு 12.85 லட்சம் தர வேண்டும் என்று 2010 ஏப்ரலில் தமிழக அதிகாரி உத்தரவிட்டார். மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நீண்டது என்பதையும் மறக்கக் கூடாது.

தகவலைச் சரியாகப் பாதுகாக்காத நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க உதவுவது 43ஏ பிரிவு. ஆனால், அது ‘நிறுவனங்களுக்கு’ மட்டுமே பொருந்தும். அட்மிஷன் போர்ட்டலை நடத்தும் தனியார் கம்பெனி அதில் சிக்கும். அரசுப் பல்கலைக்கழகம் சிக்குமா என்பது வாதத்துக்கு உரியது.

அரசு அமைப்பு என்றால் இன்னொரு கதவு, உயர் நீதிமன்ற ரிட் மனு. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில், காவல் துறையின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்து அவரது விவரங்கள் வெளியே வந்தன. அவருக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாயைத் தமிழக அரசு தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே கசியவிட்டது பல்கலைக்கழகம் அல்ல. ஆனாலும், அரசு கையில் இருந்த தகவல் கசிந்தால் அரசே பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

புதிய சட்டத்தில் ஒரு சிக்கல்

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம் அமலாகின்றன. அதன்பின் தகவல் கசிந்தால், நிறுவனம் தாமதமின்றி நமக்குச் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். மாணவிக்கு ஒரு ரூபாய் கிடைக்காது. அதே நேரத்தில் 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. இழப்பீடு கேட்க நினைப்பவர்கள் நாளைக் கடத்தாமல் இருப்பது நல்லது.

இன்றே செய்ய வேண்டியவை

* வந்த போன் எண், மெசேஜ், பரிவர்த்தனை விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள்.
* எந்தத் தகவல் கசிந்தது, எப்போது கசிந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.
* உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பாருங்கள். ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள்.
* வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100-க்கு அழையுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

‘படிக்காத நான் ஏமாந்துட்டேன், வெளியே சொன்னா அசிங்கம்’ என்றுதான் அந்த அப்பா முதலில் நினைப்பார். மகளின் பதிவு எண்ணைக் கசியவிட்டது அவர் இல்லையே! அதைச் சொல்லி, 1930-ஐ முதலில் அழுத்திக் கொடுக்க வேண்டியது வீட்டில் இருக்கும் பிள்ளைகள்தான்.