ஆறு பிழைத்தால் போதுமா? ஆளும் பிழைக்க வேண்டும்!

2022 ஏப்ரலில், மங்களூரை அடுத்த பஜ்பேயில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள். ஐவரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாடு மறந்துவிட்டது. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்த நாம் மறக்கலாமா?

உணவு ஆலைக் கழிவில் நஞ்சு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. மீன் இரத்தமும் பாலும் கிழங்கு மாவும் நஞ்சல்லதான். ஆனால் மூடிய தொட்டியில் காற்றின்றி அழுகும்போது அவற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு பிறக்கிறது. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவான்.

அதே கழிவை ஆற்றில் விட்டால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். 2018 மே மாதம் பஞ்சாபில் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் பாகு பியாஸ் ஆற்றில் கலந்து மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததும் இப்படித்தான்.

ஆகவே சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. செலவு என்று முதலாளிகள் மூக்கால் அழ வேண்டியதுமில்லை. சேலம் வட்டாரச் சவ்வரிசி ஆலைகள் பலவும் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுத்துப் பயன்படுத்துகின்றன.

ஆனால் நிலையம் கட்டியதோடு கடமை முடிந்ததா? ஆற்றுக்குப் போகாமல் தடுத்த கழிவு, தொட்டியில் சேறாகத் தேங்குகிறது. அதை அள்ள மனிதனை இறக்கினால், ஆற்றைவிட்டு விலகிய சாவு தொழிலாளியின் வாசலுக்கு வருகிறது. ஆற்று நீரைச் சோதிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு. தொட்டிக்குள் இருக்கும் காற்றைச் சோதிப்பது யார்?

சட்டம் இல்லாமலில்லை. பஜ்பே சாவுகளின்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 36-ஆவது பிரிவில் தெளிவாகவே சொன்னது: நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டியில், காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தராமல் எவரையும் இறக்கக் கூடாது, இல்லையேல் சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இணைத்த இடுப்புப் பட்டையும் வேண்டும். ஏட்டில் இருந்த இந்தக் கயிறு எத்தனை தொழிலாளர் இடுப்புக்கு வந்தது?

நாம் கோருவது இதுதான். சேற்றை இயந்திரம் உறிஞ்சும் வகையில் தொட்டி அமைக்காத ஆலைக்கு உரிமம் தராதே! ஒப்பந்தக்காரர் மீது பழியைப் போட்டு ஆலை முதலாளி தப்பவிடாதே!

தோழர்களே, இத்தகைய ஆலைகளில் வேலை செய்வோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்குச் சொல்லுங்கள்: சோதிக்காத தொட்டியில் இறங்காதீர். உள்ளே ஒருவர் விழுந்தால், கருவியின்றிப் பின்னால் குதிக்காதீர். தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள். இறங்க மறுத்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தினால், அவர் தமிழரோ வங்காளியோ, அவர் பக்கம் நிற்பது சங்கத்தின் கடமை.