பூச்சி மருந்துக்கு மாற்று மருந்து எது?

வாழையில் தண்டுக் கூன்வண்டு விழுந்தால் என்ன மருந்து என்று திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டார விவசாயிகளைக் கேட்டால் உடனே சொல்வார்கள். அந்த மருந்தே தெளித்தவர் உடம்பில் ஏறிவிட்டால் என்ன மருந்து என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. (விஷத்தையும் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம்!) இது விவசாயியின் குற்றமல்ல. விற்கிறவர்கள் சொல்வதில்லை.

அதன் பெயர் அட்ரோபின். குளோர்பைரிபாஸ், புரோபினோபாஸ் போன்றவை உடம்பில் ஏறினால் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், கண்பாவை சுருங்கும், நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும். அந்த நீரை வற்ற வைப்பதுதான் அட்ரோபினின் வேலை. ஒரு ஊசியோடு முடியாது. மூச்சு சீராகும் வரை டாக்டர் திரும்பத் திரும்பப் போடுவார். ஊமத்தையிலும் இதே சத்து உண்டு என்று சிலர் அதைத் தேடிப் போகலாம். வேண்டாம், அளவு தெரியாத ஊமத்தையே ஆளைக் கொல்லும். உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. அது நுரையீரலுக்குள் போய்விடும். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டின்னையும் கையோடு கொண்டு போங்கள். எல்லா விஷத்துக்கும் அட்ரோபின் கேட்காது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது.

கொள்ளிடக்கரை வாழைத் தோட்டங்களில் சருகுக்கடியில் கிடக்கும் பாம்பு அடுத்த ஆபத்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான். ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குள் 'ஊசி போடவில்லையே' என்று சண்டைக்குப் போகக் கூடாது. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் சிலருக்கு ஒவ்வாது. அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே இருக்கும். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024-ல் அறிவித்திருக்கிறார்கள். வரவேற்போம்.

ஆனால் பூச்சி மருந்து விஷயத்தில் கடைக்காரர்களுக்கு இன்னும் பொறுப்பு வரவில்லை. 1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, விஷக் குறிகளும் முதலுதவியும் மாற்று மருந்தும் டின்னோடு வரும் துண்டுச் சீட்டில் இருக்க வேண்டும். இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். வயலுக்குப் போகுமுன் அந்தச் சீட்டு காற்றில் பறந்துவிடுகிறது.

விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் மாற்று மருந்து என்ன, அல்லது இல்லையா என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் கடை வாசலில் எழுதி மாட்ட வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். கூட்டுறவு சங்கங்களே இதைத் தொடங்கலாம். உர விலைப் பலகைக்குக் கீழே அதற்கு இடம் இருக்கும்.