மூன்று ஊரில் ஒரு பாட்டு

ஆராதனையில் பாட்டை எடுத்துக்கொடுப்பவருக்குக் குரல் மட்டும் போதாது. சபை கூடப் பாடுகிறதா என்று கவனிக்கும் காது வேண்டும். இன்று இதற்குக் கல்லூரிப் படிப்பே இருக்கிறது. கூடவே ஒலிப்பதிவும் சொல்லித்தருகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகுமா?

மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு. ‘பரட்டை அண்ணன்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005-ல் காலமானார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழிவந்த கர்நாடக ராகக் கீர்த்தனைக்கும் மிஷனரிகள் கொண்டுவந்த ஞானப்பாட்டுக்கும் கோயிலில் மரியாதை இருந்தது. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறைக்கு இல்லை. கூலி வேலை பார்க்கும் தலித் கிறிஸ்தவர் தம் மெட்டை வயலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்பாவு நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டு முறை அமைத்தார். போதகராகப் போகிறவர்கள் அதைப் பாடிப் பழகினார்கள்.

அவர் பாட்டுகள் கேசட்டிலும் பரவின. ஆனால் நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அவர் கட்சி. ஒலிப்பதிவோ ஒரே சுருதி, ஒரே வரி என்று நிறுத்திவிடுகிறது. (மொழிபெயர்ப்பவனுக்கு இந்த அவஸ்தை தெரியும், அச்சேறிய பின் ஒரு சொல்லைத் தொட முடியாது.) பாட்டி மாற்றிப் பாடினால் “பதிவுல இப்படி இல்லையே” என்று பேரன் திருத்துவான். பாட்டி வாயை மூடிக்கொள்வாள்.

ஒலிப்பதிவு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தரலாம். ஒரே பாட்டை மூன்று ஊரில் பதிவு செய்து வரட்டும். மூன்றும் வேறுவேறாக இருந்தால் முழு மதிப்பெண்.