ஈர மரமும் அவசரப் பசையும்

"இப்போதுதான் எப்பாக்ஸி வந்துவிட்டதே, ஈர மரத்தையும் ஒட்டும்" என்கிறார்கள், பொழுதுபோக்காகச் சிறு படகு கட்டும் சிலர். நான் ஒப்பமாட்டேன்.

மரச் சட்டத்தை ஆவியில் வைத்தால் நார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகும், மரம் வளையும். ஓர் அங்குலத் தடிப்புக்குச் சுமார் ஒரு மணி நேரம். அதுவரை சரி. ஆனால் ஆவியில் வெந்த மரம் ஈர மரம். எப்பாக்ஸிக்கு மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஈரத்தோடு ஒட்டினால் அன்றைக்குப் பிடித்ததுபோல் தெரியும். பிறகு மரம் காய்ந்து சுருங்கும், ஒட்டு விடும். விடுகிற இடம் பட்டறையாக இருக்காது, நடுத் தண்ணீராக இருக்கும்.

வழி எளிது. வளைத்த சட்டங்களை அச்சில் கிளாம்ப் போட்டு நன்றாக உலரவிடுங்கள். கழற்றும்போது சற்று நிமிரும், பரவாயில்லை. பிறகு பசை தடவி மறுபடி அச்சில் கட்டுங்கள். மட்டுமீறித் திருகாதீர்கள், பசை முழுதும் பிதுங்கிப்போகும். 3 மில்லிமீட்டர் சட்டமென்றால் பெரும்பாலும் ஆவியே வேண்டாம்.

எங்களுக்குப் பள்ளியில் படிப்பித்த பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'லாமெல்லே கொல்லே': அடுக்கு முதலில், ஒட்டு பிறகு. இடையிலுள்ள உலர்த்தும் நாட்களை அவசரக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். கோப்பில் தப்பென்றால் நாளைக்குத் திருத்தலாம் ஐயா. படகில் ஏறுகிறவனுக்கு அந்த நாளைக்கு ஏது?