இடையில் மட்டும் மாறிய தொகுதி

ஸ்காபரோ–ரூஜ் ரிவர் என்ற ஒன்ராறியோ மாகாணத் தொகுதி 1999இல் பிறந்து 2018இல் வரைபடத்திலிருந்து மறைந்தது. இடையில் ஐந்து பொதுத்தேர்தல்கள் வந்து போயின. ஒன்றிலும் ஆள் மாறவில்லை. உறுப்பினராக இருந்தவர்கள் மூன்றே பேர். ஆசனம் கைமாறிய இரண்டு தடவையும் இடைத்தேர்தலில்தான் மாறியது. ஒன்று 2005 நவம்பர், மற்றது 2016 செப்டம்பர். எங்கள் தமிழ் ஆட்கள் தேர்தலுக்குத் தேர்தல் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கெல்லாம் பிழைத்துப்போனதற்குக் காரணம் இதற்குள்ளேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ரொறன்ரோ நகரின் வடகிழக்கு மூலை அது. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டினால் மார்க்கம் வந்துவிடும். மேற்கே மிலிகன், அஜின்கோர்ட் பக்கம் சீனக் குடும்பங்கள். கிழக்கே மல்வேர்னில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். எங்கும் பரவலாக நாங்கள். 2006 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையரல்லாதோர். இப்படி ஒரு தொகுதியைக் கண்டால் கையில் பேனா இருக்கிற எவருக்கும் இனவாரியாகக் கணக்குப் போட ஆசை வரும். நானும் போட்டிருக்கிறேன்.

தொகுதி புதிது என்றாலும் கதை பழையது. அதற்கு முன் இந்தப் பகுதி ஸ்காபரோ நோர்த். 1963 முதல் கொன்சர்வேட்டிவ் கட்சியின் தோமஸ் வெல்ஸ் அசைக்க முடியாமல் இருந்தார். 1985இல் அவர் விலக, ஜமேக்காவில் பிறந்த லிபரல்காரர் அல்வின் கேர்லிங் உள்ளே வந்தார். அதே வருடம்தான் ஒன்ராறியோவில் 42 ஆண்டு கொன்சர்வேட்டிவ் ஆட்சியும் சாய்ந்தது. கேர்லிங் வீடமைப்பு அமைச்சரானார். 1990இல் பொப் ரேயின் என்.டி.பி (புதிய ஜனநாயகக் கட்சி) அலை லிபரல்களை வாரிக்கொண்டு போனபோது அவர் நின்றார். 1995இல் மைக் ஹரிஸின் கொன்சர்வேட்டிவ் நீல அலை வந்தது, அப்போதும் நின்றார்.

அந்த 1995 டிசம்பரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹரிஸ் அரசு 26ஆம் இலக்கச் சட்டமூலம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளை மூடுவதிலிருந்து நகரசபைகளின் கட்டணங்கள் வரை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, பொதுமக்களிடம் பெரிதாகக் கேட்காமலே நிறைவேற்றப் பார்த்தார்கள். வாக்கெடுப்பில் கேர்லிங் எழுந்து வாக்களிக்க மறுத்தார். சபாநாயகர் வெளியேறச் சொன்னார். கேர்லிங் அசையவில்லை. படைக்கலச் சேவிதர் கூட்டிக்கொண்டு போக வந்தால், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவருடைய கதிரையைச் சுற்றி மதில்போல நின்றுகொண்டார்கள். கை வைத்து இழுத்தால்தான் உண்டு. அதற்கு யாரும் துணியவில்லை. இரவு முழுக்கச் சபை அப்படியே உறைந்து கிடந்தது. கேர்லிங் பதினெட்டு மணிநேரத்துக்குக் கிட்ட இருந்த இடத்திலேயே இருந்தார். கடைசியில் அரசு இறங்கிவந்து மாகாணமெங்கும் பொதுவிசாரணை வைக்க ஒத்துக்கொண்டது. சபாநாயகர் சொல்லுக்குக் கட்டுப்படாத இதே மனிதர்தான் 2003இல் சபாநாயகர் கதிரையில் அமர்ந்தார், ஒன்ராறியோவின் முதல் கறுப்பினச் சபாநாயகராக.

"அரசியல்வாதிகள் கூடிப்போச்சு" என்று ஹரிஸ் மாகாண ஆசனங்களை 130இலிருந்து 103ஆக வெட்டி, மத்திய நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளையே மாகாணத்துக்கும் எடுத்துக்கொண்டபோது பிறந்ததுதான் ரூஜ் ரிவர். கேர்லிங் 1999இலும் 2003இலும் இலகுவாக வென்றார். 2005இல் அவரை டொமினிக்கன் குடியரசுக்குத் தூதராக அனுப்பினார்கள். காலியான ஆசனத்துக்கு லிபரல் கட்சி பாஸ் பல்கிசூனை நிறுத்தியது. ட்ரினிடாட்டில் பிறந்தவர், நகரசபை உறுப்பினர். ரொறன்ரோ நகரசபையின் கணினிக் குத்தகை விவகாரத்தில் விடாமல் கேள்வி கேட்டு அதை நீதி விசாரணை வரை கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்கு. நீதிபதி பெலமியின் அறிக்கை அந்த செப்டம்பரில் வெளிவந்தது, இடைத்தேர்தல் நவம்பரில். இதைவிட நல்ல நேரம் ஒரு வேட்பாளருக்கு வாய்க்காது.

இதற்குள் எங்கள் எண்ணிக்கை பெருகிவிட்டிருந்தது. எங்கள் முதல் வெற்றிகள் இங்கே வரவில்லை, ஸ்டீல்ஸுக்கு அந்தப் பக்கம்தான் வந்தன. 2006இல் லோகன் கணபதி மார்க்கம் நகரசபைக்கும், நீதன் சாண் யோர்க் பிராந்தியக் கல்விச்சபைக்கும் தெரிவானார்கள். ரூஜ் ரிவரில் 2011 மே மாதம் மத்திய தேர்தலில் ராதிகா சிற்சபைஈசன் என்.டி.பிக்கு வென்று கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழரானார். அக்கட்சித் தலைவர் ஜக் லேட்டனின் செம்மஞ்சள் அலை என்றார்கள், தமிழரின் எழுச்சி என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அங்கே 1988 முதல் உறுப்பினராக இருந்த லிபரல் டெரெக் லீ அந்தத் தடவை நிற்கவில்லை என்பதைச் சொன்னவர்கள் குறைவு. ஐந்து மாதம் கழித்து, அதே எல்லைக்குள், அதே கட்சிக்கு நீதன் சாண் மாகாணத் தேர்தலில் நின்றார். நெருங்கி வந்து தோற்றார். பல்கிசூன் கதிரையிலேயே இருந்தார், அதுதான் வித்தியாசம்.

2014இலும் அதே கதை. பல்கிசூன் முதலாவது, நீதன் இரண்டாவது. மூன்றாவதாக வந்தவர் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரேமண்ட் சோ. அவரைக் கவனித்து வையுங்கள்.

2016 மார்ச்சில் பல்கிசூன் சட்டென்று பதவி விலகினார். செப்டம்பர் 1 இடைத்தேர்தல். லிபரலுக்குப் பிரகல் திரு, என்.டி.பிக்கு நீதன் சாண், கொன்சர்வேட்டிவுக்குச் சோ. அந்த ஓகஸ்ட்டில் வூட்சைட் ஸ்குயர் கடைத்தொகுதியில் பக்கத்து மேசைப் பேச்சு ஒன்று காதில் விழுந்தது.

"ரெண்டு தமிழர் நிண்டால் வாக்குப் பிரியாதோ, மாஸ்டர்?"

"பிரியட்டும் தம்பி. ஆர் வந்தாலும் எங்கட ஆள்தானே."

"ரெண்டு பேரும் வராட்டில்?"

மாஸ்டர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "அப்ப சோ வருவார். அவரும் எங்கட ஆள்தான். ரோட்டில ஸ்னோ தள்ளேல்லை எண்டு அடிச்சால் அவற்றை ஒப்பீஸ்தான் போன் எடுக்கிறது."

சோ கொரியாவில் பிறந்து 1967இல் கனடா வந்தவர். 1991 முதல் இப்பகுதியின் நகரசபை உறுப்பினர். ஒரு காலத்தில் என்.டி.பி வேட்பாளராகவும் நின்றிருக்கிறார். அப்போது வயது 79. வாக்குகளை எண்ணியபோது சோவுக்கு ஏறத்தாழ 39 வீதம், பிரகலுக்கு 29, நீதனுக்கு 27. மறுநாளே எங்கள் வானொலிகளிலும் முகநூலிலும் கூட்டல் தொடங்கிவிட்டது: இருபத்தொன்பதும் இருபத்தேழும் ஐம்பத்தாறு, ஒற்றுமையாக நின்றிருந்தால்... இந்தக் கூட்டல் எனக்கு எரிச்சல் தந்தது. பிரகலுக்கு விழுந்தவை தமிழ் வாக்குகள் மட்டுமா? மல்வேர்னில் முப்பது வருடமாக லிபரலுக்கே போட்டுவந்த ஜமேக்கா மூதாட்டியின் வாக்கை எந்தப் பெட்டியில் சேர்ப்பது? தமிழர் எவரும் சோவுக்குப் போடவில்லை என்று யார் சொன்னது?

அந்தத் தேர்தலை உண்மையில் முடிவுசெய்தது வேறு. கத்லீன் வின்னின் லிபரல் அரசுக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்தது. இந்த ஓர் ஆசனத்தால் ஆட்சி விழாது. விழாது என்று தெரிந்தால் குட்டுவதற்குக் கை கூசாது. வீடுகளில் ஹைட்ரோ பில் ஏறிக்கொண்டே போனது. புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்தில் பல குடும்பங்களுக்கு ஆத்திரம். அதை நீக்குவோம் என்று கொன்சர்வேட்டிவ் தலைவர் பாட்ரிக் பிரவுணின் பெயரில் ஒரு கடிதம் தொகுதிக்குள் போனது. சில நாட்களில் அவரே அப்படிச் செய்யமாட்டேன் என்று பின்வாங்கினார். கடிதம் அதற்குள் செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்திருந்தது. சோவுக்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் பின்னாளில் முதல்வரான டக் போர்ட். 1985 முதல் லிபரல் கோட்டையாக இருந்த இடம் சரிந்தது.

சரிந்த கையோடு வின் சபையின் கூட்டத்தொடரை முடித்துவைத்து, செப்டம்பர் 12இல் புதிய சிம்மாசன உரையைக் கொண்டுவந்தார். மின்கட்டணத்தில் மாகாண வரியான 8 வீதம் திருப்பித் தரப்படும் என்று அதில் அறிவித்தார்கள். அடுத்த ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ முழுவதும் வீட்டு பில்களில் அந்தக் கழிவு விழுந்தது. தண்டர் பேயில் இருக்கிறவர் தன் பில்லில் சில டொலர் குறைந்ததற்கு மல்வேர்ன் வாக்காளருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஒரு பொதுத்தேர்தலில் நாங்கள் திரண்டு போய் வாக்களித்து இவ்வளவு விரைவாக எதையாவது வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

சோ விட்டுவந்த நகரசபை வட்டாரத்துக்கு 2017 பெப்ரவரியில் இடைத்தேர்தல் வந்தது. அதில் நீதன் சாண் வென்றார். 2016 ஜனவரியில் ரொறன்ரோ கல்விச்சபைக்கு அவர் தெரிவானதும் இடைத்தேர்தலில்தான்.

2018இல் மாகாண ஆசனங்கள் 124 ஆக, ரூஜ் ரிவரைப் பிரித்தார்கள். ஒரு துண்டு ஸ்காபரோ நோர்த் என்ற பழைய பெயரையே வாங்கிக்கொண்டது. சோ அங்கே வென்று, முதல்வர் டக் போர்ட்டின் அமைச்சரவையில் முதியோர் அமைச்சரானார். மற்றத் துண்டு ஸ்காபரோ–ரூஜ் பார்க்கில் சேர்ந்தது. புத்தம் புதிய தொகுதி, கதிரையில் முன்பே அமர்ந்திருந்தவர் எவருமில்லை. அங்கேதான் விஜய் தணிகாசலம் ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் வென்றார். அன்றிரவே மார்க்கம்–தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் வென்றார். இருவரும் கொன்சர்வேட்டிவ். லிபரலா என்.டி.பியா என்று எங்கள் வீடுகள் பத்து வருடம் சண்டை பிடித்த பிறகு, குயீன்ஸ் பார்க் சட்டமன்றத்துக்குள் தமிழர் நுழைந்தது மூன்றாவது கதவால்.

சோ 2022இலும் வென்றார், 2025 பெப்ரவரியிலும் வென்றார், 88 வயதில். அவருக்குப் பிறகு ஸ்காபரோ நோர்த்துக்கு யார் என்று கட்சிக்காரர்கள் கைபேசியில் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மாஸ்டரை அண்மையில் கண்டபோது அதைப் பற்றிக் கேட்டேன்.

"அவர் இப்ப இறங்கிற எண்ணமில்லைத் தம்பி," என்றார். "ஸ்னோவுக்கு மட்டும் இப்ப வேற நம்பர்."